ஆப்பிளா, காரட்டா?

பொடிசு பள்ளிக்கூடத்தில் விழுந்து இது மூன்றாவது நாள்.

விழுந்த காரணத்தைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்புகூட வரும். ஆரோக்கிய வாரம் என்று ஒன்றாம் வகுப்புக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸ், ஒரு டம்ளர் காரட் ஜூஸ். இரண்டையும் குடித்துவிட்டு, எதில் சத்து அதிகம் என்று ஒரு தாளில் நட்சத்திரம் ஒட்ட வேண்டும். பழத்தைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொள்ளும் பொடிசு, டீச்சர் பக்கத்தில் நின்று "நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை" என்றதில் குளிர்ந்துபோய் இரண்டு டம்ளரையும் காலி செய்துவிட்டாள். நட்சத்திரம் ஒட்டுவதற்குள் வாந்தி. அப்புறம் வியர்வை. அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

இப்போது குழந்தைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறாள். கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள்.

அந்த மஞ்சளைத்தான் அத்தையால் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இன்னொரு ஜோடிக் கண்ணில் அதைப் பார்த்தவள் அவள்.

அத்தை என்றால் பொடிசின் அப்பாவுக்கு அக்கா. பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டதில், தம்பி குடும்பத்தோடேயே தங்கிவிட்டாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். தம்பி பெண்டாட்டி தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை. அந்த வீட்டில் பொடிசுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். ஏழு மாதம் இருந்தான். "ஈரல் கெட்டுப்போச்சு" என்ற ஒரு வரியோடு அவன் பேச்சை எல்லோரும் மூடிவைத்துவிட்டார்கள்.

காலை பத்து மணிக்கு டயட்டீஷியன் பெண் வந்தாள். சின்ன வயசு. பேனாவைக் கொண்டையில் சொருகியிருந்தாள்.

"ஆப்பிள் இனிமே ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. அப்ப காரட் ஜூஸ் கொடுக்கலாமா? காய்தானே அது?" என்று பொடிசின் அம்மா கேட்டாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். ஆனாலும் கையில் நோட்டு, பென்சில் எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

டயட்டீஷியன் ஒரு தாளை எடுத்துக் கட்டில் மேல் விரித்தாள். நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆப்பிள், அந்தப் பக்கம் காரட்.

"பாருங்கம்மா. விட்டமின் ஏ காரட்ல மலை மாதிரி இருக்கு. ஆப்பிள்ல இல்லைன்னே சொல்லலாம். பொட்டாசியமும் காரட்லதான் கூட..."

அடுத்த வரி என்ன என்று அத்தைக்குத் தெரியும். சர்க்கரை. ஆப்பிளில் காரட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. அதற்கு அடுத்த வரி நார்ச்சத்து. இப்படி ஒரு தாளை அவள் ஒருகாலத்தில் மனப்பாடமாக வைத்திருந்தாள். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேற குழந்தையா இருந்தா காரட்தான் ஜெயிக்கும்" என்றாள் டயட்டீஷியன். "ஆனா டாக்டர் சந்தேகப்படுறது சரியா இருந்தா, இவளுக்கு இந்த ஒரு வரி மட்டும்தான் கணக்கு." சர்க்கரை என்ற வரியைப் பேனாவால் சுழித்தாள். "பழத்துல இருக்கிற சர்க்கரையை உடைக்கிற சக்தி சில குழந்தைங்களோட ஈரலுக்குப் பிறவியிலேயே இருக்காது. உள்ள போறது அப்படியே தங்கி ஈரலை அரிச்சிடும். காரட் சர்க்கரையும் வயித்துக்குள்ள போனா பாதி அதாத்தான் மாறும். கம்மி விஷம், அவ்வளவுதான். காய்னு சொன்னாலே நம்பிடாதீங்க. கீரை, உருளைக்கிழங்கு, இப்படித் தேடித் தேடித்தான் கொடுக்கணும்."

"அதான் பழமே தொடமாட்டாளா?" என்றாள் அம்மாக்காரி மெதுவாக. "கேக் தொடமாட்டா. சாக்லேட் தொடமாட்டா. பிள்ளைங்க டூத்பேஸ்ட் இனிக்குதுன்னு துப்பிடுவா. பிடிவாதம்னு நினைச்சு எத்தனை அடி அடிச்சிருக்கேன்..."

"அடி வாங்கினாலும் தப்பிச்சுக்கிட்டா இல்ல" என்றது வாசற்பக்கக் குரல்.

குழந்தை டாக்டர் வந்துவிட்டார். கட்டைக் குரல், மெதுவான நடை. பொடிசின் வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். ஒரு சொத்தைகூட இல்லை என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். பிறகு அம்மாக்காரி பக்கம் திரும்பினார்.

"மூத்த குழந்தை ஒண்ணு இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா டாக்டர். ஏழு மாசம்."

"அவனுக்குப் பழம், ஜூஸ், தேன், சர்க்கரை ஏதாவது கொடுத்தீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. அது கொடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் அவனுக்கு வந்துச்சுன்னா எனக்குச் சந்தேகமே இல்ல. ரத்தத்தை மரபணு டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டுச் சாப்பாட்டை மாத்தினாப் போதும்."

"எதுவுமே இல்ல டாக்டர்." அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தாய்ப்பால். ஆறு மாசத்துக்கு அப்பறம் சர்க்கரை போடாத அரிசிக் கஞ்சி. நான் அந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. அக்காவைக் கேளுங்க. நான் வேலைக்குப் போனதும் அவங்கதான் பார்த்துக்கிட்டாங்க."

டாக்டர் அத்தையைப் பார்த்தார். டயட்டீஷியனும் பார்த்தாள்.

அத்தையின் தலை அதுபாட்டுக்கு ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா, அவளுக்கே தெரியாது. டாக்டர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார்.

"பாலும் கஞ்சியும் மட்டும்னா அவனுக்கு இந்த வியாதி வெளிய வந்திருக்காது. அப்ப ரெண்டு குழந்தைக்கும் பொதுவா வேற ஏதோ இருக்கணும். ஈரல்ல ஊசி போட்டு ஒரு துளி எடுத்துப் பார்த்திடுவோம். நாளைக் காலையில."

"ஊசின்னா... ஆபத்து இல்லையே டாக்டர்?"

அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. "இவளுக்கு ரத்தம் உறையறது மெதுவா இருக்கு. அதனால ஆபத்தே இல்லைன்னு சொல்லமாட்டேன். அவசியம்னாத்தான் செய்வேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருப்பேன். அப்பாவை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்றாள் அத்தை. பை எங்கே, குடை எங்கே என்று பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள். பின்னாலிருந்து பொடிசு "அத்தை, டாட்டா" என்று ஈனமான குரலில் சொன்னது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பல் ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பார்த்துக் கூட்டம். கருவிகளை ஆவியில் வேகவைத்து எடுத்தாள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தாள். ஒரு பெரியவருக்குப் பல்செட் அளவெடுத்தார்கள்; அச்சில் ஊற்ற, இறுகிக் கல்லாகும் மாவு கரைக்க வேண்டும். பதினெட்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. கரைத்துக்கொண்டே நின்றாள். நினைவு வந்து பார்த்தபோது கரண்டி கிண்ணத்தோடு கிண்ணமாக இறுகிப் போயிருந்தது.

பல் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "என்ன, எனக்கே சிலை வடிக்கிறீங்களா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "குழந்தை எப்படி இருக்கா?"

"இருக்கா டாக்டரம்மா."

"பின்னாடி போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்க. நான் பார்த்துக்கிறேன்."

பின்னால் என்றால் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய ஒரு சந்து. அங்கே கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்தாள். நினைக்கக் கூடாது என்று நினைத்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

தம்பி பெண்டாட்டியின் பிரசவ விடுப்பு முடிந்தபோது பையனுக்கு ஆறு மாதம். அப்போது பல் ஆஸ்பத்திரி நாலு மணிக்குத்தான் திறக்கும். காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை பையன் அத்தையிடம். அம்மாக்காரி பாலும் கஞ்சியும் எடுத்து வைத்துவிட்டு, "இதைத் தவிர ஒரு சொட்டு வேற எதுவும் வேண்டாம்க்கா" என்று தினமும் சொல்லிவிட்டுப் போவாள். அந்தத் 'தினமும்'தான் அத்தைக்குச் சுருக்கென்று தைத்தது. தனக்கு ஒன்றும் தெரியாதா? பல் ஆஸ்பத்திரியில் தாய்மாருக்கு இலவசமாகக் கொடுக்கும் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பக்கம், 'உங்கள் செல்லத்துக்கு எது நல்லது? ஆப்பிளா, காரட்டா?' நடுவில் கோடு, இரண்டு பக்கமும் சத்துக் கணக்கு. அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தன் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தாள். எது நல்லது என்று முடிவு கட்ட முடியாததால் இரண்டையும் ஜூஸாக்கிக் கொடுத்தாள். காலையில் ஆப்பிள் நாலு ஸ்பூன். மத்தியானம் காரட் நாலு ஸ்பூன். மூன்று மணிக்குள் ஸ்பூனையும் கிண்ணத்தையும் கழுவித் துடைத்து வைத்துவிடுவாள்.

பத்து நாளில் பையன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். தெம்பு குறைகிறது என்று நாலு ஸ்பூனை ஆறாக்கினாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் விடவில்லை. அம்மாக்காரி முகம் கழுவப் போகும் நேரம் பார்த்து, முந்தானைக்குள்ளிருந்து சின்ன சீசாவை எடுத்து ஊட்டினாள்.

எல்லாம் ஆசையில் செய்ததுதான். இத்தனை வருஷமும் அது அவளுக்கு ஒரு சின்ன உறுத்தல், அவ்வளவே: சொல்லாமல் செய்துவிட்டோமே என்ற உறுத்தல். காலையில் அந்தப் பெண் பேனாவால் ஒரு வரியைச் சுழித்தாளே, அதுவரைக்கும்.

செல்போன் அடித்தது. தம்பி.

"அக்கா, ஏதோ ஃபாரத்துல கையெழுத்துப் போடணுமாமே. மொட்டை மாடியில மோட்டார் ரூம்ல மாட்டிக்கிட்டிருக்கேன். அஞ்சரைக்கு வந்துடறேன்னு அவகிட்ட சொல்லிடு."

"போடாத" என்றாள் அத்தை.

"என்னது?"

"கையெழுத்துப் போடாத. ஊசி வேண்டாம். மூத்தவனுக்கு நான் ஜூஸ் கொடுத்தேன்டா. அவளுக்குத் தெரியாம. ஆப்பிளும் காரட்டும். தினமும்."

அந்தப் பக்கம் மோட்டார் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவன் நிறுத்தியிருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியும்க்கா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆப்பிள் வாங்கிட்டு வந்ததே நான்தானே. யாருக்கு வாங்குறோம்னுகூடத் தெரியாத முட்டாளா நான்? நல்லதுதானேன்னு விட்டுட்டேன்." அவன் குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னைக்கு அந்த டாக்டர் என்னை வராந்தாவுக்குத் தனியாக் கூட்டிட்டுப் போயிக் கேட்டாரு. பாலு, கஞ்சி தவிர வேற ஏதாச்சும், பழமோ தேனோ, ஒரு வாய் கொடுத்தீங்களான்னு. இல்லவே இல்லைன்னுட்டேன்."

"ஏன்டா?" என்று கேட்டாள்.

"உன்னை மாட்டிவிடச் சொல்றியா? அவ உன்னைச் சும்மா விட்டிருப்பாளா? உங்க ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வெச்சுக்கிட்டு நான் எப்படிக் குடும்பம் நடத்துறது? இது இப்படி வந்து முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் கேட்டப்ப... புள்ள..."

"இருந்தான்." நீண்ட மூச்சு கேட்டது. "அதுக்கப்பறம் பதினோரு நாள் இருந்தான்."

பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அவள் முந்தானைக்குள் சீசா இருந்தது.

"அக்கா, சொல்லாத. உன் கால்ல விழறேன். டெஸ்ட் எடுத்தா அதுவே காட்டிக்கொடுத்துடும், நாம எதுக்கு வாயைத் திறக்கணும்? அவளுக்கு ஏற்கெனவே பாதி உயிர்தான் இருக்கு. தெரிஞ்சா தாங்கமாட்டா."

"பொடிசு தாங்குவாளா?" என்றாள் அத்தை. போனை வைத்துவிட்டாள்.

அவள் வார்டுக்குத் திரும்பியபோது மணி ஐந்து. பொடிசு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வெளியே வராந்தா பெஞ்சில், மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். எந்தெந்தக் காயில் எவ்வளவு சர்க்கரை என்று பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். எந்த நாட்டுத் தபாலையும் இடம் மாறாமல் பிரித்துப் போடும் கை அது.

அத்தை பக்கத்தில் உட்காரவில்லை. எதிரில் நின்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னப்பறம் நீ என்ன பண்ணாலும் சரி."

"என்னக்கா?"

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. புத்தகத்தின் பக்கம், நாலு ஸ்பூன், ஆறு ஸ்பூன், முந்தானைச் சீசா. தன்னுடையதை மட்டும் முழுசாகச் சொன்னாள்.

பொடிசின் அம்மா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. வராந்தாவில் ஒரு ஆயா தண்ணீர் ஊற்றித் தரையைத் துடைத்துக்கொண்டு போனாள். பெஞ்சில் இருந்தவள் காலைத் தூக்கிக்கொண்டாள்; நின்றவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"குடிச்சானா?" என்று கேட்டாள் கடைசியில்.

"ம்?"

"அவன். விருப்பமாக் குடிச்சானா?"

பொய் சொல்லியிருக்கலாம். சின்னப் பொய்தான். அத்தைக்கு அது தொண்டை வரை வந்தது.

"இல்ல. மூஞ்சியத் திருப்பிக்குவான். ரெண்டு கன்னத்தையும் அழுத்திப் பிடிச்சு... ஊட்டுவேன்."

அம்மாக்காரியின் கையிலிருந்த பென்சில் முனை நோட்டில் அழுந்தி முறிந்தது.

"எனக்கு அப்ப ஒரு வாரம் காய்ச்சல், ஞாபகம் இருக்கா?" என்றாள். யாரிடமோ பேசுவது போலிருந்தது. "ரெண்டு மாத்திரை போட்டேன். அது பால் வழியாப் போயித்தான் ஈரலைக் கெடுத்துச்சுன்னு நினைச்சேன். ஒன்பது வருஷமா. தலைவலிக்குக்கூட மாத்திரை போடலை. பல்லு புடுங்கினப்பகூட வேண்டாம்னு சொன்னேனே, நீங்க திட்டினீங்க."

அத்தைக்கு ஞாபகம் இருந்தது. திமிர் என்று திட்டியிருந்தாள்.

"என்னை ஏதாவது சொல்லும்மா. அடிச்சுக்கூடப் போடு."

அவள் எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள். அத்தை பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள்.

"டாக்டர், காலையில நான் தப்பாச் சொல்லிட்டேன். மூத்தவனுக்கு ஜூஸ் கொடுத்திருக்கோம். ஆப்பிள், காரட் ரெண்டும். ஆரம்பிச்சுப் பத்து நாள்ல வாந்தி வந்துச்சு."

'கொடுத்திருக்கோம்' என்றாள். 'கொடுத்திருக்காங்க' என்று சொல்லவில்லை. அத்தை கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் முகத்தையும், கதவோரத்து முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யார், ஏன் என்று கேட்கவில்லை. நாளைக் காலை என்று எழுதியிருந்த வரியை அடித்தார்.

"ஊசி வேண்டாம். ரத்தம் மட்டும் அனுப்பறேன். சாப்பாட்டுல ஜாக்கிரதையா இருந்தா, ஈரல் தானாத் தேறிடும். இவ பொழைச்சுக்குவாம்மா."

பொழைச்சுக்குவா. மூன்று நாளாகக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள் அத்தை. ஒன்றும் வரவில்லை. ஆள் எழுந்து போன பிறகும் சூடாறாத நாற்காலி போல, அந்த வார்த்தைக்குள் இன்னொரு குழந்தை இருந்தான்.

மறுபடி வராந்தா. வெயில் இறங்கிவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணைச் சிமிட்டி எரிந்தன.

"வீட்டுக்குப் போயி என் துணிமணியை எடுத்துக்கிறேன்" என்றாள் அத்தை. "பல் ஆஸ்பத்திரியில மாடி ரூம் ஒண்ணு சும்மாத்தான் கிடக்கு. உன் கண்ணு முன்னாடி இருக்க மாட்டேன்."

"இருங்க."

அம்மாக்காரியின் நெற்றி சுருங்கியிருந்தது. முகவரி தெளிவில்லாத கடிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கும்போது அவளுக்கு அப்படிச் சுருங்கும்.

"ஒண்ணு கேட்கணும்க்கா. அவன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ஒரு நாள் டாக்டர் இவரைத் தனியா வெளிய கூட்டிட்டுப் போனாரு. நான் கண்ணாடி வழியாப் பார்த்தேன். அவர் என்னமோ கேட்டாரு, இவர் தலையை ஆட்டினாரு. உள்ள வந்தப்பறம் நான் கேட்டதுக்கு, பில்லைப் பத்திப் பேசினோம்னாரு." அவள் அத்தையின் கண்ணை விடவில்லை. "இன்னைக்கு என்கிட்ட கேட்ட கேள்வியை, அன்னைக்கு இருந்த டாக்டர் கேட்காமலா இருந்திருப்பாரு?"

தன் பாவத்தை இறக்கிவைக்க அத்தைக்கு உரிமை இருந்தது. தம்பியின் பாவத்தை?

"அவன்கிட்டயே கேளும்மா" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

வராந்தாக் கோடியில் லிஃப்ட் கதவு திறந்தது. கிரீஸ் படிந்த சட்டையோடு, தோளில் கருவிப் பையோடு தம்பி வேகவேகமாக வந்தான். பாதி வழியில் இரண்டு பெண்களும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

பெண்டாட்டி அவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. பெண்டாட்டியைப் பார்க்கவும் இல்லை. சொல்லிவிட்டாயா என்பது போல, முதலில் அக்காவைத்தான் பார்த்தான்.

"சரி" என்றாள் பொடிசின் அம்மா, யாரும் எதுவும் சொல்லாமலே. "அப்ப அது பில்லைப் பத்தி இல்ல."